அறுபத்து மூன்றாம் கார்டின் எடை

ஷாலினி என்று ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கூட்டமைப்பில் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். தெருவில் தங்குகிறவர்களின் விவரங்களையெல்லாம் இப்போது செல்போனிலேயே ஏற்றிவிடுகிறார்களாம். ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடுமாம். "ஆனா மேடம், ரெண்டு பேர் ஒரே ரெக்கார்டுல வந்தா அதுக்குத் தெரிய மாட்டேங்குது. நீங்கல்லாம் அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

என்ன பண்ணினோம்? தப்புப் பண்ணினோம். அதுவும் நான் பண்ணினேன். போனில் சொன்னால் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். சிட்லபாக்கத்தில் காலையில் தண்ணீர் லாரி வந்து போன பிறகு எனக்கு வேறு பெரிய வேலை ஒன்றும் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், சென்சஸில் தற்காலிகமாகக் கொஞ்ச நாள் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தேன். என் தகுதி அவ்வளவுதான். அப்போது தாம்பரத்தைச் சுற்றி, போக இடமில்லாதவர்களுக்காக மூன்று அமைப்புகள் வேலை செய்தன. மேற்குத் தாம்பரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மருந்தகம். குரோம்பேட்டையில் மதியச் சாப்பாடு போடும் ஒரு சங்கம். சேலையூரில் பெண்களுக்கான ஒரு விடுதி. மூன்று இடத்திலும் மூன்று நோட்டு. ஒரு கிழவருக்கு மூன்று போர்வை கிடைக்கும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. ஒரு பெண் தன் கதையை மூன்று இடத்திலும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டும். இதைப் பொறுக்க முடியாமல் மூன்று அமைப்பும் சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரே கார்டு வைப்பது என்று முடிவு பண்ணின. அந்தக் கார்டுகளைப் பார்த்துக்கொள்ள விடுதிக்குப் பின்னால் ஒரு ரூமும், இரண்டு மரப்பெட்டியும், என்னையும் போட்டார்கள்.

எனக்கு மேலே வேதாசலம் சார். அரசாங்கத்தில் புள்ளிவிவர வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு பென்சில். என்னைவிட முப்பது வயது பெரியவர், ஆனாலும் ஒருநாள்கூட என்னை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். பேச்சு மெதுவாகிவிடும். "உக்காருங்க, சுசீலா" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னால், இன்றைக்கு நமக்குப் பூசைதான் என்று தெரிந்துகொள்வேன்.

அவர் வைத்த வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் கார்டைப் பென்சிலால்தான் நிரப்ப வேண்டும். சில நாள் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும், அதுவும் பென்சில்தான். மூன்றாவது தடவைதான் பேனா. "மொத தடவ பயத்துல சொல்லுவாங்க. ரெண்டாவது தடவ நமக்குப் புடிச்ச மாதிரி சொல்லுவாங்க. மூணாவது தடவ நம்மளப் பாத்தே அலுத்துப் போயிருக்கும். அப்பத்தான் நெஜம் வரும்" என்பார். பென்சிலை அழிக்கவும் விடமாட்டார், மேலே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். "கேட்டத எழுதுங்க, பாத்தத எழுதுங்க. நெனச்சத எழுதாதீங்க." இதைத் தினமும் சொல்லுவார். நானும் தினமும் தலையை ஆட்டுவேன்.

பேனாவால் எழுதி முடித்ததும் கார்டு எண் போட்ட சின்ன அட்டை ஒன்றை அவர்கள் கையில் கொடுப்போம். அதைக் காட்டினால் மூன்று இடத்திலும் வேறு கேள்வி கிடையாது. மருந்து, சோறு, படுக்க இடம் எல்லாம் அந்த அட்டைதான். போட்டோ ஒட்டுகிற வசதியெல்லாம் அப்போது எங்களுக்கு ஏது?

இதில் நான் சேர்த்த யோசனை ஒன்று உண்டு. அட்டை கொடுப்பதற்கு முன்னால், அவர்கள் சொன்ன ஊர் முகவரிக்கு மருந்தகத்தின் முத்திரை போட்டு ஒரு தபால் கார்டு எழுதுவது. 'இன்னார் இங்கே எங்கள் பொறுப்பில் நலமாக இருக்கிறார்' என்று இரண்டு வரி. ஊர் முகவரி இல்லாமல் அட்டை கிடையாது என்றும் விதி போட வைத்தேன். அந்தத் தபால் கார்டைப் பார்த்துவிட்டு அண்ணன், தம்பி, பெற்ற பிள்ளை என்று ஆட்கள் தேடி வந்தார்கள். பல வருஷம் காணாமல் போன தகப்பனைப் பொழிச்சலூரிலிருந்து ஒரு மகன் வந்து கட்டிக்கொண்டு அழுதான், அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டே தெரியாமல் போயிருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் யோசனை, என் யோசனை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்துப் பார்ப்போம். மூன்று இடத்து நோட்டுகளும் என் ரூமுக்கு வரும். ஒருவர் ஏலம் விடுகிற மாதிரி எண்ணை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் தங்கள் நோட்டில் டிக் அடிப்பார்கள். நான் எல்லாவற்றையும் பெரிய கார்டில் ஏற்றுவேன். அறுபத்து மூன்று, மருந்து வாங்கியது, எடை இவ்வளவு. அறுபத்து மூன்று, சாப்பாடு, நாலு நாள்.

அந்த அறுபத்து மூன்றுதான் முனியம்மா. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தவள். வயது நாற்பதுக்குள் இருக்கும். நுரையீரலில் டி.பி. மருந்தகத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மாத்திரை கொடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், சளியும் சோதிப்பார்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு எடைதான் முதல் அத்தாட்சி, ஏறிக்கொண்டே வர வேண்டும்.

அவள் எடை முப்பத்தெட்டு என்று வந்தது. அடுத்த தடவை நாற்பத்து நாலு. அதற்கடுத்து முப்பத்தேழரை. மறுபடி நாற்பத்து நாலரை. எனக்கு எரிச்சல். எடை மிஷின் கோளாறு, அல்லது அந்தப் புது நர்ஸுக்கு முள்ளைப் பார்க்கத் தெரியவில்லை என்று நானே முடிவு பண்ணினேன். கார்டு பார்க்க அழகாக இல்லை என்பதும் ஒரு காரணம், சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. நாற்பத்து நாலை முப்பத்தெட்டரை ஆக்கினேன். முப்பத்தேழரையை முப்பத்தெட்டே முக்கால் ஆக்கினேன். நாற்பத்து நாலரையை முப்பத்தொன்பது ஆக்கினேன். இப்போது பாருங்கள், எடை படிப்படியாக ஏறுகிறது. முனியம்மா குணமாகிக்கொண்டிருக்கிறாள், என் கார்டில்.

வேதாசலம் சார் மாதம் ஒருமுறை ஏதாவது பத்து கார்டை உருவி, மூல நோட்டோடு வைத்துப் பார்ப்பார். அந்த மாதம் அறுபத்து மூன்று மாட்டியது.

"உக்காருங்க, சுசீலா."

உட்கார்ந்தேன்.

"நோட்டுல நாப்பத்தி நாலுன்னு இருக்கு. நீங்க முப்பத்தெட்டரன்னு எழுதியிருக்கீங்க. நீங்க பாத்தீங்களா?"

"மிஷின் சரியில்ல சார். ஒரு மனுஷி பதினஞ்சு நாள்ல ஆறு கிலோ ஏறி எறங்குவாளா?"

"நான் அதக் கேக்கல. நீங்க பாத்தீங்களான்னு கேட்டேன்."

அவர் பர்ஸிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்து மேஜைமேல் வைத்தார். தாம்பரம் ஸ்டேஷனில் காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றி, எடையும் ஜோசியமும் அச்சடித்து ஒரு சீட்டுத் தள்ளும் மிஷின் இருக்கும், அதில் போய் என்னை எடை பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். அங்கிருந்து நேரே மருந்தகம் போய் அங்கேயும் ஏறி நிற்க வேண்டும். இதைவிட அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். வெயிலில் போனேன். ஸ்டேஷனில் ஐம்பத்திரண்டு. மருந்தகத்தில் ஐம்பத்திரண்டு. நர்ஸ் பெண்ணுக்கு முள்ளைப் பார்க்க நன்றாகவே தெரிந்திருந்தது.

திரும்பி வந்து சீட்டை நீட்டினேன். அவர் ஜோசியத்தைப் படிக்காமல் எடையை மட்டும் பார்த்தார். "மிஷின் சரி. நர்ஸ் சரி. அப்ப எது தப்பு?" என்றார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முப்பத்தெட்டு ஒரு ஆள். நாற்பத்து நாலு வேறு ஆள்.

மூன்று நோட்டையும் விரித்து நாள் வாரியாகப் பார்த்தோம். குரோம்பேட்டையில் பந்தி எண் குறிப்பார்கள். மருந்தகத்தில் டோக்கன் எண் குறிப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, குரோம்பேட்டையில் முதல் பந்தியில் அறுபத்து மூன்று சாப்பிட்டிருக்கிறாள். அதே செவ்வாய், அதே நேரத்தில் தாம்பரம் மருந்தகத்தில் கடைசி டோக்கனாக நின்று மாத்திரையும் வாங்கியிருக்கிறாள். எந்த நோட்டைத் தனியாகப் பார்த்தாலும் தப்பில்லை. மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் தெரிந்தது. அதற்காகத்தானே எங்களை வைத்திருந்தார்கள், நான்தான் அதைத் திருத்தித் திருத்தி மூடிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையே விஷயம் வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டுச் சங்கத்துச் செயலாளர் ராஜகோபால் சார் கொதித்துப் போனார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தினமும் கடைசி பந்தியில் சோறு தீர்ந்து நாலு பேரைத் திருப்பி அனுப்புகிறவர் அவர்தான். "அட்டைய இன்னொருத்தர்கிட்ட குடுத்தா ரத்துன்னு நாமதான் விதி போட்டோம். ரத்து பண்ணுங்க" என்றார்.

ரத்து என்றால் முனியம்மாவுக்கு மருந்து நிற்கும். வேதாசலம் சார் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு வாரம் குடுங்க. யாரு என்னன்னு தெரியாம ரத்து பண்ணா, அதுவும் நெனச்சத எழுதற மாதிரிதான்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது.

திங்கட்கிழமை காலை முனியம்மாவைத் தேடிப் போனேன். ரோட்டோரம் சாக்கைப் பிரித்துக் காகிதம் வேறு, அட்டை வேறு எனப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா கார்டு மேடம், வெய்யில்ல வந்துகினு கீற?" என்றாள்.

"உன் அட்டைய யாருகிட்ட குடுத்த?"

"எங்கிட்டதான் கீது. இந்தா பாரு."

"முனியம்மா, பொய் சொல்லாத. உன் எடையில ஆறு கிலோ யாரோட எடை?"

அவள் காகிதத்தை அடுக்குவதை நிறுத்தவில்லை. கையிலிருந்ததை அடுக்கி முடித்துவிட்டு, "தெரிஞ்சிடுச்சா. சரி, வா" என்று எழுந்தாள். சாக்கைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பல்லாவரம் போகிற வழியில் பாதி கட்டி நின்றுபோன ஒரு கட்டடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். அங்கே சுவர் ஓரம் ஒரு பெண் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனியம்மா வயதுதான், கொஞ்சம் உடம்பு உண்டு. தலையில் முந்தானை. இரண்டு பேரையும் பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது.

"இதான் கௌரி. இதுக்கும் அதே நோவுதான். பாவமா இருந்துச்சு, அதான் மாத்திரைய பங்கு போட்டுக்கினோம். ஒரு நாளு எனுக்கு, ஒரு நாளு அதுக்கு" என்றாள் முனியம்மா, ஏதோ இட்லியைப் பங்கு போட்ட மாதிரி. மருந்தகத்துக்கும் முறை வைத்துத்தான் போயிருக்கிறார்கள். கௌரியின் நெஞ்சையும் டாக்டர் பார்க்க வேண்டுமே என்று முனியம்மாதான் தன் அட்டையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அந்த நாட்களில் குரோம்பேட்டைப் பந்தியில் அட்டையைக் காட்டாமல், முகம் தெரிந்தவள் என்பதால் எண்ணைச் சொல்லியே சாப்பிட்டிருக்கிறாள்.

டி.பி. மாத்திரையை இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மருந்தகத்தில் படித்துப் படித்துச் சொல்வார்கள். "உனக்குத் தனியா அட்டை குடுக்க மாட்டோமா? எங்ககிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?" என்று கௌரியைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "வந்தேங்க. விடுதி வாசல் வரைக்கும் வந்தேன். ஊருக்குக் கார்டு போடுவோம்னு சொன்னாங்க. திரும்பிட்டேன்."

"போட்டா என்ன? உங்க ஊர்ல உன்னத் தேட மாட்டாங்களா?"

"நான் இங்க ஒரு பங்களாவுல சமையல் வேலை செய்யறேன்னு நெனச்சிட்டிருக்காங்க. எம் பொண்ணு எங்க அண்ணன் வூட்டுல இருக்குது. வர்ற தையில கல்யாணம் பேசியிருக்கு." செய்யூர்ப் பக்கத்துப் பேச்சு, செங்கல்பட்டு வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கிற ஊர். நிதானமாகத்தான் சொன்னாள். "ஆஸ்பத்திரி முத்திரையோட ஒரு கார்டு போனா போதுங்க. போஸ்ட்மேன் தெருவுல படிச்சுக் காட்டிட்டுத்தான் குடுப்பாரு. டி.பி.காரி பொண்ணுன்னு மாப்பிள்ள வூட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது, எங்க ஊர்க்காரங்க நாலு பேரு எப்பவும் அங்க வந்து போயிட்டு இருக்காங்க. கல்யாணம் முடியற வரைக்கும் எப்படியாவது உசுரு இருந்தா சரி."

நான் அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஊர் முகவரி விதி என்னுடையது. மருந்தக முத்திரை போட்டால் கௌரவமாக இருக்கும் என்று சொன்னதும் நான்தான். அந்தக் கார்டால் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணி எண்ணிப் பூரித்தேன். அதற்குப் பயந்து எத்தனை பேர் வாசல்வரை வந்து திரும்பினார்கள் என்பதற்கு என்னிடம் பெட்டியே கிடையாது.

நேரே மருந்தகத்துக்குப் போய் டாக்டர் சிஸ்டர் ஆக்னஸிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நெஞ்சில கொழாய வெச்சுக் கேட்டேன் சுசீலா. மொகத்தப் பாக்கல" என்றார். பிறகு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிடும். அப்புறம் எதக் குடுத்தாலும் கேக்காது. ரெண்டு பேரையும் உடனே கூட்டிட்டு வா. ரெண்டு பேருக்கும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார். ஆனால் அட்டை இல்லாமல் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க அவருக்கும் வழியில்லை. மூன்று அமைப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட விதி அது.

வேதாசலம் சாரிடம் வந்தேன். விதியென்றால் விதி என்கிற மனிதர், என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். முழுதும் கேட்டார். ஒரு புதுக் கார்டை எடுத்து என் முன்னால் வைத்து, எண் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதச் சொன்னார். பெயர் கௌரி. வலது முழங்கையில் தீக்காயத் தழும்பு. நோய், எடை. ஊர் என்கிற இடம் வந்ததும் 'தெரியாது' என்று எழுதப் போனேன்.

"அப்படி எழுதாதீங்க. அவங்களுக்கு ஊர் தெரியும். உங்களுக்கும் கொஞ்சம் தெரியும். 'சொல்ல விரும்பவில்லை'ன்னு எழுதுங்க. தெரியாதுங்கறது வேற, சொல்ல விரும்பலங்கறது வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா நாளைக்கு நமக்கு ஒண்ணும் புரியாது."

சனிக்கிழமை அந்தக் கார்டை மூன்று அமைப்புக்கும் முன்னால் வைத்தார். ராஜகோபால் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு எல்லாரும் சொல்ல விரும்பலன்னுட்டா? ஊரும் பேரும் இல்லாத கார்ட வெச்சிக்கிட்டு நாம என்ன சார் பண்றது?"

"எல்லாரும் அப்படிச் சொன்னா, நாம கேக்கற விதம் தப்புன்னு தெரிஞ்சிக்கலாம். அதுவும் ஒரு விவரந்தானே" என்றார் வேதாசலம் சார். பேச்சு மிகவும் மெதுவாகிவிட்டது. "ஆள் சாப்பிட்டாங்களா, மருந்து எடுத்தாங்களா, உசுரோட இருக்காங்களா, இதுக்குத்தான் இந்தப் பெட்டி. ஊர்ல சொல்லிக் குடுக்கறதுக்கு இல்ல."

டாக்டர் சிஸ்டர் உடனே கையெழுத்துப் போட்டார். விடுதிப் பொறுப்பாளர் போட்டார். ராஜகோபால் சார் நோட்டைப் புரட்டுவதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "அந்த அம்மா மத்தியானம் எங்க சாப்பிடறாங்க?" என்று கேட்டார். முனியம்மாவின் சோற்றில் பாதி என்றேன். "மாத்திரையும் பாதி, சோறும் பாதியா? நாளையிலிருந்து வரச் சொல்லு" என்று கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே விதியை மாற்றினோம். ஊர் முகவரி கட்டாயமில்லை. கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டுமே தபால் கார்டு, அதிலும் முத்திரை கிடையாது. அறுபத்து மூன்றாம் கார்டில் நான் திருத்திய எடைகளின் மேல் கோடு போட்டு, பழைய எண்களைப் பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன். அந்த மாதத்திலேயே, அதுவரை எங்கள் பக்கமே எட்டிப் பார்க்காத சில பேர் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள்.

சிகிச்சை ஒன்றரை வருஷம். கௌரியை விடுதியில் சேர்த்தோம். முனியம்மாவுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றதும், "இன்னா பேஜாராப் பூடுச்சு" என்று என்னைத் திட்டித் தீர்த்தாள், ஆனால் ஒரு தடவைகூடத் தவறவில்லை. வாரத்துக்கு ஒருநாள் கௌரி குளித்து, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, விடுதிப் பொறுப்பாளரின் ஒயர் கூடையை இரவல் வாங்கிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவாள். அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவந்து விற்கிற அம்மா ஒருத்தி அங்கே உண்டு. பங்களாச் சமையல்காரி மாதிரி பேரம் பேசிக் கீரை வாங்கி, ஊர்ச் சேதி கேட்டுக்கொண்டு வருவாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கௌரி போகவில்லை. இருமல் இன்னும் அடங்கவில்லை, பந்தலில் நின்று இருமினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்து, பங்களாவில் லீவு தரவில்லையென்று கீரைக்கார அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, நூற்றுப் பன்னிரண்டு என்று படித்தபோது மருந்தகத்து நோட்டில் டிக் விழவில்லை. விடுதி நோட்டில் இருக்கிறாள், சாப்பாட்டு நோட்டில் இருக்கிறாள், மாத்திரை வாங்க மட்டும் போகவில்லை. பழைய சுசீலாவாக இருந்தால் நர்ஸ் எழுத மறந்திருப்பாள் என்று நானே ஒரு டிக் போட்டிருப்பேன். அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விடுதிக்குள் போனேன். கௌரி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முனியம்மா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வரிசையில் கௌரியைக் காணாமல் அவளாகவே விசாரித்து வந்திருக்கிறாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதுங்க. வந்த வேல ஆச்சு. இனிமே எனக்கு எதுக்கு மாத்திர?" என்றாள் கௌரி, திரும்பாமல்.

சென்சஸிலும் சொல்லித் தரவில்லை, வேதாசலம் சாரும் சொல்லித் தரவில்லை, இதற்கு என்ன பதில் சொல்வது?

முனியம்மாதான் சொன்னாள். "அப்ப நான் இன்னாத்துக்குடி எம் மாத்திரைல பாதி குடுத்தேன்? எம் உசுருல பாதிய உங்கிட்ட குடுத்துகினு கீறேன். உம் பொண்ணு கல்யாணத்துக்கா குடுத்தேன்? உனுக்குக் குடுத்தேன். வேணான்னா திருப்பிக் குடு."

கௌரி மெதுவாக எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முனியம்மா தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக மருந்தகத்துக்குப் போனார்கள். அதற்கப்புறம் டிக் விடுபடவே இல்லை. எடை நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பதரை என்று ஏறியது. நான் திருத்தாமலே ஏறியது.

முனியம்மாவுக்கு முதலில் முடிந்தது. கௌரிக்கு இன்னும் சில மாதம் இழுத்தது. கடைசி சளிச் சோதனை முடிவு வருகிற அன்று நானும் மருந்தகத்துக்குப் போயிருந்தேன், முனியம்மா சாக்கைக்கூட எடுத்து வராமல் வந்திருந்தாள். அன்றைக்குக் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாளும்கூட. முன்பக்க வராந்தா முழுக்கத் தாய்மார்கள்.

டாக்டர் சிஸ்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை முகத்தையும் நன்றாகப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. முடிஞ்சுது கௌரி. இனிமே மாத்திர வேண்டாம், இங்க வரவும் வேண்டாம்."

கௌரி எழுந்திருக்கவில்லை. நான்கூட, காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? எம் பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குன்னு கீரைக்காரம்மா சொன்னாங்க. இருவது நாளாவுது." நிறுத்தினாள். "அத நான் தூக்கலாங்களா? தூரத்திலேர்ந்து பாக்கணும்னா அப்படியே பாத்துட்டு வந்துடறேன்."

டாக்டர் சிஸ்டர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "ஒரு நிமிஷம் குடும்மா" என்று கேட்டு, துணியில் சுற்றியிருந்த அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்தார். நேரே வந்து கௌரியின் மடியில் வைத்தார்.

கௌரி முதலில் மூச்சை அடக்கிக்கொண்டாள். வாயைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டாள், இத்தனை நாள் பழக்கம். டாக்டர் சிஸ்டர் அவள் தாடையைப் பிடித்து மெல்லக் குழந்தையின் பக்கம் திருப்பிவிட்டார். "மூச்சு விடு கௌரி. ஒண்ணும் ஆகாது" என்றார்.

அவள் மூச்சு விட்டாள். குழந்தையின் நெற்றி முடி அசைந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைத்து என்ன ஆகப்போகிறது. முனியம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். "அழுவாத, புள்ள மேல சொட்டுது பாரு" என்று கௌரியை அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "செங்கல்பட்டு வண்டி எத்தினி மணிக்கு மேடம்?" என்று கேட்டாள்.